செம்பு ஏற்றினால் மீத்தேன் கொட்டுமாம்!

வடிகட்டி:
நேற்று கதிரொளி எழுதியது: “டைட்டானியம் டைஆக்சைடில் செம்புத் துகள் ஏற்றி ஒளி பாய்ச்சினேன். கார்பன் டைஆக்சைடிலிருந்து வரும் மீத்தேன் பல மடங்கு கூடிவிட்டது.” படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கார்பன்-13, அதாவது சாதாரண கார்பன்-12-ஐவிடக் கனமான அடையாளக் கார்பன் கொண்ட கார்பன் டைஆக்சைடை விட்டுப் பார்த்தீர்களா? அந்த மீத்தேனின் கார்பன் எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் என்ன கொண்டாட்டம்?

கதிரொளி:
வந்துட்டாரய்யா நீதிபதி. செம்பு இல்லாத மாதிரியையும் அதே விளக்கின் கீழ்தான் வைத்தேன். அதில் மீத்தேன் சொற்பம். செம்பு எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஒளி பட்டு எலக்ட்ரான் கிளம்பிய இடத்தில் உண்டாகும் துளையோடு அது மறுபடி சேர்ந்து வீணாக விடுவதில்லை. ஒரு மீத்தேனுக்கு எட்டு எலக்ட்ரான் வேண்டும், தெரியுமல்லவா?

வடிகட்டி:
பாடம் நடத்தச் சொல்லவில்லை. செம்பை எந்த உப்பிலிருந்து ஏற்றினீர்கள்? அசிட்டேட் என்றால் அதிலேயே கார்பன் இருக்கிறது. கழுவிய ஆல்கஹாலும் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும். ஒளி பட்டதும் அந்த அழுக்கு உடைந்து மீத்தேனாக வரும். செம்பு இல்லாத மாதிரியில் அந்த அழுக்கு ஏது? 2010-லேயே நெதர்லாந்தின் கீடோ முல் குழு செம்பு ஏற்றிய டைட்டானியாவில் (அதே டைட்டானியம் டைஆக்சைடுதான்) கார்பன்-13 விட்டுப் பார்த்தது. வந்த கார்பன் மோனாக்சைடில் பெரும்பகுதி சாதாரண கார்பன்-12. மறுபடி கேட்கிறேன்: செய்தீர்களா, இல்லையா?

நீலக்குறிஞ்சி:
கார்பன் டைஆக்சைடுக்குப் பதில், எதனோடும் வினைபுரியாத ஆர்கான் ஓட்டிப் பார்த்தால் போதாதா? அப்போதும் மீத்தேன் வந்தால் அழுக்கு என்று தெரிந்துவிடும். கார்பன்-13 கொண்ட விலையுயர்ந்த வாயு எல்லோர் கைக்கும் எட்டுமா?

வடிகட்டி:
போதாது அம்மணி. கார்பன் டைஆக்சைடே மேற்பரப்புக் கரியோடு வினைபுரிந்து மோனாக்சைடு தரலாம். ஆர்கானில் அது தெரியவே தெரியாது. கார்பன்-13.

கதிரொளி:
கிளிப்பிள்ளை. போன தடவை, தானே எலக்ட்ரான் தரும் டிரைஎத்தனாலமைனை ஊற்றிவிட்டு “நீரே எலக்ட்ரான் தருகிறது” என்று அளந்தவர் யார்? நாங்கள் மறக்கவில்லை.

வடிகட்டி:
அந்த விவாதத்தில் நீங்கள் பாதியில் ஓடியதையும் நானும் மறக்கவில்லை. பேச்சை மாற்றாதீர்கள்.

ஒளிமின்னல்:
சண்டை இருக்கட்டும். டைட்டானியாவின் பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரானைக் கிளப்ப ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். சூரிய ஒளியில் ஏறக்குறைய 5 சதவீதமே இருக்கும் புற ஊதாவை மட்டும்தான் அது தின்னும். 1979-ல் இனோவே, புஜிஷிமா, ஹோண்டா எல்லாம் ஒளியால் கார்பன் டைஆக்சைடை மாற்றிக் காட்டி வெளியிட்டதிலிருந்து இத்தனை வருஷம் ஆகியும், வரும் விளைபொருளை மைக்ரோமோலில்தான், அதாவது மிகச் சிறிய அளவில்தான், எண்ணிக்கொண்டிருக்கிறோம். கார்பன் நைட்ரைடுக்கு மாறுங்களேன், அதன் இடைவெளி 2.7-தான், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தின்னும்.

வடிகட்டி:
பிரமாதம்! அதன் உடம்பே கார்பன். அதில் கார்பன்-13 இல்லாமல் ஒரு சொல்லும் நம்ப மாட்டேன்.

ஒளிமின்னல்:
உங்களிடம் நம்பிக்கை கேட்டு யார் வந்தது? கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பற்றிச் சொன்னால் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கதிரொளி:
மூலக்கூறின் நிறையைக் காட்டும் நிறை நிறமாலையில் கார்பன்-13 மோனாக்சைடுக்குரிய 29 வந்தால்கூட நைட்ரஜன் என்பார் இவர். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

வடிகட்டி:
கார்பன்-13 மீத்தேனுக்கு 17 பாருங்கள், 29 எதற்கு? காற்று கசிகிற கலன் வைத்திருந்தால்தான் நைட்ரஜன் பயம் வரும்! போகிற போக்கில் இதையும் சொல்லிவிட்டுப் போங்கள்: ஆக்சிஜன் எவ்வளவு வந்தது? எட்டு எலக்ட்ரான் கணக்குப் பேசினீர்களே, ஒரு மீத்தேனுக்கு இரண்டு ஆக்சிஜன் வர வேண்டாமா? அப்புறம், சில மில்லிகிராம் தூளை வைத்துவிட்டு “ஒரு கிராமுக்கு” என்று பெருக்கிக் காட்டும் வித்தை...

நீலக்குறிஞ்சி:
எல்லோரும்தான் கிராமுக்குப் போடுகிறார்கள். நீங்களும்தான்.

வடிகட்டி:
என்னுடையது வேறு.