சுவிஸ் பனிச்சரிவு எச்சரிக்கை 3: தம்பி போகலாமா?

கல்லடி அக்கா: சுவிஸில் இருக்கும் தம்பி ஞாயிறு கூட்டாளிமாரோடு பனிமலை ஏறப் போகிறானாம். டாவோஸ் பனி ஆய்வு நிலைய எச்சரிக்கை 5இல் 3. நடுவில்தானே என்கிறான். சரியா?

அக்கரைப்பற்றான், பேர்ன்: அக்கா, உயிர்கள் அதிகம் போவதே 3இல்தான். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் ஏறவும் வேண்டாம், அவற்றின் அடியில் நிற்கவும் வேண்டாம். காலடியில் ‘வும்’ என்று பனி அமுங்கினால் உள்ளே பலவீனமான பனி அடுக்கு உடைகிறது. நான் கேட்டிருக்கிறேன், வயிறு கலங்கிவிடும். உடனே திரும்பவேண்டும்.

கல்லடி அக்கா: பனியில் புதைந்தால் இடம் காட்டும் சிக்னல் கருவி வைத்திருக்கிறானாம்.

அக்கரைப்பற்றான்: கூட வருபவர்களிடமும் இருக்கிறதா? மண்வெட்டி, துழாவும் கம்பு? புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுக்கப் பார்க்கவேண்டும். ஹெலி வரும்வரை மூச்சு தாங்காது.

களுவாஞ்சிக்குடி: சனி மாலை 5 மணி அறிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். காற்று புதுப்பனியை எந்தத் திசைச் சரிவில் குவித்திருக்கிறது என்று அதில் இருக்கும்.