பூசா ரூபி, பூசா ஜ்வாலா… யார் இந்தப் பூசா?

மாடித்தோட்டக்காரி:
மொட்டைமாடியில் போட விதை வாங்கினேன். தக்காளி பூசா ரூபி, மிளகாய் பூசா ஜ்வாலா. கேட்டால், டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்து ரகங்கள் என்றார் கடைக்காரர். சரி, பூசா என்றால் என்ன? பணம் கொடுத்த அமெரிக்கர் பெயர், 'ஃபிப்ஸ் ஆஃப் யு.எஸ்.ஏ.' என்பதன் சுருக்கம் என்று என் சித்தப்பா அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

கரிசல்காட்டான்:
நம்பலாம். போட்டித் தேர்வு வகுப்பில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

பழைய பூசாக்காரன்:
பணம் கொடுத்தது உண்மை, பெயர்க்கதை கட்டுக்கதை. ஹென்றி ஃபிப்ஸ், கார்னகியின் இரும்புத் தொழிலில் கூட்டாளி. அன்றைய வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் 30,000 பவுன் கொடுத்தார். அதில் ஒரு பங்கு நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கும் வந்தது. பெரும்பகுதியை வைத்து 1905 ஏப்ரல் 1 அன்று இந்த வேளாண் நிலையத்துக்குக் கர்சன் அடிக்கல் நாட்டினார். நாட்டிய இடம் டெல்லி இல்லை, பீகாரில் பூசா என்கிற கிராமம். இப்போது சமஸ்திபூர் மாவட்டம். கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் அங்கே குதிரைப் பண்ணை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள மூர்கிராஃப்ட் என்ற கால்நடை மருத்துவர் வந்தது 1808-ல். அப்போதே ஊர் பெயர் பூசாதான். ஃபிப்ஸ் பிறந்ததோ 1839-ல்!

நிலையம் பீகாரில் இருந்தபோதே, அங்கே வேலை பார்த்த தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியலும் பூசா 4, பூசா 12 என்று கோதுமை ரகங்களை எடுத்துவிட்டார்கள். 1934 ஜனவரி 15 பூகம்பத்தில் 'நௌலகா' என்று ஊரார் அழைத்த நிலையத்தின் பெரிய கட்டடம் சிதைந்தது. 1936-ல் நிலையம் டெல்லிக்கு மாறியது. ஊர் பீகாரிலேயே நின்றுவிட்டது, பெயர் மட்டும் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தது.

எண்பதுகளில் நான் டெல்லி பூசாவில் எம்.எஸ்சி. படித்தேன். எங்கள் அப்பா முதல் கடிதத்தில் டெல்லி என்றும் போடவில்லை, பின்கோடு 110012 என்றும் போடவில்லை. வெறும் 'பூசா வேளாண் கல்லூரி'. அது பீகார்ப் பூசாவுக்குப் போய், அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் யாரோ புண்ணியவான் திருப்பி அனுப்பி, மூன்று வாரம் கழித்து என் கைக்கு வந்தது. உள்ளே தீபாவளிக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தார். தீபாவளி முடிந்திருந்தது.

நான் அதிக நேரம் கிடந்தது நூலகத்தில்தான். 1968-ல் கோதுமைப் புரட்சிக்காக வந்த தபால்தலையில் அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாம். அப்போது இயக்குநர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். மெக்சிகோவிலிருந்து வந்த குட்டை ரகங்களுக்கு உரம் கூடப் போட்டாலும் பயிர் எளிதில் சாயாது, சங்கதியே அதில்தான். அதுவரை நம் கோதுமை நெட்டையாக வளரும், கூட இரண்டு கை யூரியா போட்டால் கதிர் கனத்துப் படுத்துவிடும்.

வடவள்ளிவாசி:
கோவைக்காரன் சும்மா இருக்க முடியுமா? 1912-ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. இந்த ஊர்த் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூக்கும், விதை பிடிக்கும். அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் கரும்பைக் காட்டு நாணலோடு இனக்கலப்பு செய்தார்கள். அதில் வந்த கோ 205, 1918-ல் வடக்கே பஞ்சாப் பக்கம் போனது. அந்த 'கோ' எங்கள் கோயம்புத்தூர். அமெரிக்கர் யாரும் இல்லை.

மாடித்தோட்டக்காரி:
எல்லோருக்கும் நன்றி. ரூபி முளைத்துவிட்டது, ஜ்வாலா இன்னும் யோசிக்கிறது. சித்தப்பாவிடம் 1808, 1839 கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்படியென்றால் ஃபிப்ஸோட அப்பா கொடுத்திருப்பார்" என்கிறார்.