ரேட் லிமிட்: வீத வரம்பா, அழைப்பு வரம்பா? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கட்டற்ற மென்பொருளின் நிர்வாகி பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பயனர் சொன்ன வேலையைத் தாமாகவே செய்யும் ஏஐ ஏஜென்ட்டுகளுக்குக் கருவிகளைத் திறந்துவிடும் இடம் அது. எந்த ஏஜென்ட் எந்தக் கருவியைத் தொடலாம், நிமிடத்துக்கு எத்தனை முறை கூப்பிடலாம், ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு என்று மூன்று அமைப்புகள். முதலாவதற்கு 'அணுகல் கொள்கை', இரண்டாவதான ரேட் லிமிட்டுக்கு 'வீத வரம்பு', மூன்றாவதான கோட்டாவுக்கு 'ஒதுக்கீடு' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன்.

பின்னிரண்டும் படிப்பவருக்குக் குழம்பிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஏஜென்ட்டுக்கு அலுப்புக் கிடையாது. ஒரு கருவி பிழை காட்டினால் அதையே விடாமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். நாள் கணக்கை மட்டும் கட்டிவிட்டு நிமிடக் கணக்கை மறந்தால், நாள் முழுதுக்குமான அளவு காலையிலேயே தீர்ந்துபோகும், தரவுத்தளமும் திணறும். வெள்ளிக்கிழமை சரங்களை (திரையில் தெரியும் சொற்களையும் வாக்கியங்களையும்) ஒப்படைக்க வேண்டும், உதவுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து

*

தம்பிக்கு,

'கொள்கை' வேண்டாம். கொள் என்பதிலிருந்து வருவது கொள்கை, மனத்தில் ஏற்றுக்கொண்டது. கட்சிக்குக் கொள்கை உண்டு. கோப்பைப் படிக்கலாம், அழிக்கக் கூடாது என்று கட்டுவது கொள்கை ஆகாது. 'விதி' பொருந்தும், ஆனால் வடசொல். ஆகவே 'அணுகுநெறி'.

ஏஜென்ட்டுக்கு 'முகவர்' என்று எழுதினால் காப்பீட்டு முகவர்தான் வந்து நிற்பார். நன்னூலார் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள் சொல்லியிருக்கிறார். கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என்று பிரிப்பதும் நமக்குத் தெரிந்ததே. கரிகாலன் கல்லணையைக் கட்டினான் என்றால் ஏவியவன் அவன், கல்லைச் சுமந்து அடுக்கியவர்கள் வேறு. உங்கள் பக்கத்தில் பயனர் ஏவுகிறார், ஏஜென்ட் இயற்றுகிறது, கருவி கருவியாகவே இருக்கிறது. அப்படியானால் ஏஜென்ட் 'இயற்றி'. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வரம்பை யார் பெயரில் எண்ணுவது என்ற கேள்விக்கு இலக்கணமே விடை தருகிறது: ஏவியவர் பெயரில். ஒருவரே ஐந்து இயற்றிகளை ஓடவிட்டு ஐந்து மடங்கு அழைக்க இடம் கொடுக்கலாகாது.

வரம்பு நல்ல சொல், வயல் வரப்பும் அதே வேர்தான், அதைத் தொடவேண்டாம். புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்னதை நினையுங்கள். நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலம்கூட யானைக்குப் பல நாள் வரும். யானையே புகுந்து உண்டால் நூறு செய் இருந்தும் வாயில் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவது அதிகம். வரி பற்றிய பாட்டுதான், இருந்தாலும் ரேட் லிமிட்டின் காரணத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? 'கவள வரம்பு' என்றே வைக்கலாம் என்பது என் கருத்து.

கோவையிலிருந்து

*

வணக்கம்.

யானைப் பாட்டு எனக்கும் பிடித்தது, ஐயா. ஆனால் கவள வரம்பு என்று ஒரு பொத்தானில் எழுதியிருந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை அழுத்தவே பயப்படுவார்கள்.

'வீதம்' எங்களுக்குச் சிக்கலில்லை. இலங்கையில் வட்டி வீதம், நூற்றுக்கு இத்தனை வீதம் என்றுதான் எழுதுகிறோம். தமிழ்நாட்டில் வட்டி விகிதம் என்கிறீர்கள், ஆனாலும் 'தலைக்குப் பத்து ரூபாய் வீதம்' அங்கேயும் உண்டே. 'ஒதுக்கீடு'தான் உறுத்துகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு இடஒதுக்கீடு நினைவுக்கு வரும். 2022இல் இங்கே பெட்ரோலுக்குக் கியூஆர் குறியைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று வாங்கினோம், அதைச் சனம் கோட்டா என்றே சொன்னது. தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'பங்கீடு'. எங்களிடம் பங்கீட்டு அட்டை என்ற சொல் பழையது.

யாழ்ப்பாணத்திலிருந்து

*

இதைப் பயன்படுத்தப்போகிறவர்களைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு ஏதோ நின்றுவிட்டது என்று எழுந்து வருகிற நிர்வாகிக்கு 429 என்ற பிழை எண்தான் தெரியும். 2012இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 6585 அதற்குக் கொடுத்த பொருள் 'கோரிக்கைகள் அளவுக்கு மீறிவிட்டன' என்பது. கூடவே எத்தனை நொடி கழித்து முயலலாம் என்பதையும் அனுப்பலாம். ஏஐ செயலிகளைக் கருவிகளோடு இணைப்பதற்கென 2024 நவம்பரில் வெளியான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலின் விவரக்குறிப்பு, கருவி தருபவர் அணுகலைக் கட்டுப்படுத்தவும் அழைப்புகளுக்கு ரேட் லிமிட் வைக்கவும் வேண்டும் என்று கண்டிப்பாகவே சொல்கிறது. ஆக இது அன்றாடம் புழங்கப்போகும் சொல். 'ரேட் லிமிட்' என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள்.

அப்புறம், யாரும் பேசாத ஒன்று. பிழைச்செய்தியை மனிதர் மட்டும் படிப்பதில்லை, ஏஜென்ட்டும் படித்துவிட்டுத்தான் அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுக்கிறது. 'வரம்பு மீறல்' என்று மொட்டையாக எழுதினால் அனுமதி இல்லையா, பொறுத்து வரவேண்டுமா என்று அதற்கு விளங்காது. 'இந்த நிமிடத்துக்கான 20 அழைப்புகள் முடிந்தன, 40 நொடி கழித்து முயலவும்' என்று முழு வாக்கியமாகக் கொடுங்கள். தலைப்பில் எந்தச் சொல் இருந்தாலும் அந்த வாக்கியம் காப்பாற்றும்.

பெங்களூரிலிருந்து

*

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன், இதற்கு மேல் தள்ள முடியாது.

பிழைச்செய்தி முழு வாக்கியமாகவே போகிறது. கோட்டாவுக்கு 'நாள் பங்கீடு'. ரேட் லிமிட்டுக்கு 'அழைப்பு வீத வரம்பு', கொஞ்சம் நீளம்தான், ஆனால் எதை எண்ணுகிறோம் என்பது அதிலேயே இருக்கிறது. நான்கு பேர் சரி என்றார்கள், இருவர் பதில் எழுதவில்லை. 'அணுகல் கொள்கை' ஏற்கெனவே பல பக்கங்களில் புழங்குவதால் அப்படியே விடுகிறேன். ஏஜென்ட்டுக்கு 'முகவர்'. வரம்பை ஏவியவர் பெயரில் எண்ணவேண்டும் என்று கோவை ஐயா சொன்னதை விளக்கக் குறிப்பில் சேர்த்துவிட்டேன்.

சென்னையிலிருந்து

*

தம்பி, பங்கீட்டை ஏற்கிறேன். முகவரை ஏற்க முடியாது. அடுத்த பதிப்புக்கு முன் 'இயற்றி'யை மறுபடி எடுப்பேன், சான்றுகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன்.

கோவையிலிருந்து