கோஹவுசிங்: ‘கூட்டு’ வேண்டாம், நம்மிடம் வளவு இருக்கிறது

வணக்கம்.

சிங்கப்பூர் மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கான பயணக் குறிப்பின் தமிழ் வரைவைப் பார்த்தேன். தலைப்பில் ‘கூட்டு வீட்டு மாநாடு’. அடுத்த பக்கத்தில் ‘கூட்டு வாழ்விடங்களில் அறை கிடைக்கும்’. அதற்கும் கீழே ‘கூட்டுரிமை வீடுகளில் குறுகிய காலம் தங்க முடியாது’. முதலாவது கோஹவுசிங் (தனித்தனி வீடுகளோடு ஒரு பொது வீடும் உள்ள குடியிருப்பு), இரண்டாவது கோலிவிங் (அறை தனி, மற்ற வசதிகள் பொது என்று வாடகைக்கு விடும் விடுதி), மூன்றாவது கொண்டோமினியம் (தனியார் அடுக்குமாடி வீடு). மதுரையிலிருந்து வரும் பெரியவர் இதைப் படித்தால் மாநாடே தடைசெய்யப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

‘கூட்டுரிமை வீடு’ இங்கே சிங்கப்பூர்ச் செய்திகளில் ஊறிப்போன சொல், அதில் கைவைக்க முடியாது. மற்ற இரண்டையும்தான் மாற்றவேண்டும்.

‘உடனுறை இல்லம்’ என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். காதுக்கு இனிமைதான். ஆனால் உடனுறைவு என்றால் கணவன் மனைவி நினைவுதான் முதலில் வரும். ‘கூடிவாழ் மனை’ என்ற யோசனைக்குப் பின்னால் ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ நிற்கிறது. ஆனால் அதைக் கேட்கிறவர் ஒரே அடுப்பு, ஒரே உலை என்று எடுத்துக்கொள்வார். கோஹவுசிங்கில் அப்படியில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, தனிச் சமையலறை. அதற்கு மேல் எல்லாருக்குமாக ஒரு பொது வீடு. வாரத்தில் சில நாள் அங்கே முறைவைத்துச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

இது டென்மார்க்கில் தொடங்கியது. சேட்டடாமன் குடியிருப்பில் 1972இல் குடியேறினார்கள். இதற்கு அவர்கள் வைத்த டேனிஷ் சொல்லின் பொருள் ஏறக்குறைய ‘வாழும் தோழமை’. அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களான கேத்ரின் மெக்காமந்தும் சார்லஸ் டூரட்டும் அதை அப்படியே பெயர்க்காமல் ‘கோஹவுசிங்’ என்று புதுச்சொல் படைத்தார்கள். அவர்களே மூலத்தைப் பிடித்துத் தொங்கவில்லை. நாம் மட்டும் ஏன் அந்தக் ‘கோ’வைக் ‘கூட்டு’ ஆக்கி மாரடிக்க வேண்டும்?

என் பரிந்துரை: வளவு வீடு.

திருநெல்வேலிப் பக்கம் வளவு என்றால் ஒரே வாசலுக்குள் பல வீடுகள், நடுவில் பொது முற்றம், பொதுக் கிணறு. செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதிக்கும் வளவு என்றுதான் பெயர். அங்கே கல்யாணமான மகனை ‘வேறு வைப்பார்கள்’. ஒரே வீட்டுக்குள் இருந்தாலும் அடுப்பு தனி, கணக்கு தனி. டென்மார்க்காரர்களின் ஏற்பாட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிற வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. வளவில் சொந்தக்காரர்கள்தானே இருப்பார்கள் என்று ஒருவர் கேட்கலாம். செட்டிநாட்டில் சரி. நெல்லை வளவில் வாடகைக்காரர்களும் உண்டு.

(சேரி என்பதும் சேர்ந்து வாழும் இடம்தான். அருமையான சொல். இன்று அதை அழைப்பிதழில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.)

கோலிவிங்குக்குக் ‘கிட்டங்கி’ என்று சொல்ல ஆசைதான். அந்தக் காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் ஆளுக்கொரு பெட்டி, கொஞ்சம் இடம், பொதுச் சமையல் என்று இருந்தார்கள். ஆனால் ஊரிலிருந்து வருகிறவர்கள் மூட்டை அடுக்கும் குடோன் என்று நினைத்துவிடுவார்கள். ‘பகிர்வு விடுதி’ போதும்.

ஒன்று மட்டும் சொல்லைவிட அவசரம். தெரிந்தவர் வீட்டில் நாலு நாள் வாடகைக்குத் தங்கலாம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக, அதாவது அரசு அடுக்குமாடி) வீட்டை 6 மாதத்துக்கும், தனியார் வீட்டை 3 மாதத்துக்கும் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. லிட்டில் இந்தியா வட்டாரத்து ஓட்டல்களைக் குறிப்பிடுங்கள், சைவச் சாப்பாடு நடக்கிற தூரத்தில் இருக்கும். சாங்கி விமான நிலையத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் எக்ஸ்போ நிலையத்தில் டௌன்டவுன் ரயில் பாதைக்கு மாறினால் நேரே அங்கே இறங்கலாம்.

அப்புறம், யாழ்ப்பாண நண்பர்கள் வீட்டைச் சுற்றிய நிலத்தை வளவு என்பார்கள். அவர்களுக்கு ‘வளவு வீடு’ எப்படிக் கேட்கிறது? அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.