பஸ்ஸர்பீட்டரில் சென்டர் வாங்க எதைப் பார்ப்பது?

ஈரோட்டுக்காரன்:
பஸ்ஸர்பீட்டர் என்கிற ஆன்லைன் கூடைப்பந்து மேனேஜர் கேமில் அணி தொடங்கி இது இரண்டாவது சீசன்ங்க. ஏலத்தில் இரண்டு சென்டர்கள் (கூடைக்குப் பக்கத்தில் ஆடுகிறவர்கள்) இருக்கிறார்கள். ஒருவருக்கு 19 வயது, பொட்டென்ஷியல், அதாவது எவ்வளவு தூரம் வளரலாம் என்கிற அளவு, நன்றாக இருக்கிறது. இன்னொருவருக்கு 29, இன்றைக்கே ஜெயித்துக் கொடுப்பார், ஆனால் சம்பளம் ஜாஸ்தி. இருக்கிற பணம் ஒருவருக்குத்தான் வரும். யாரை எடுக்கலாம்ங்க?

காங்கேயம் அண்ணன்:
தம்பி, சந்தையில் காளை வாங்கப் போனால் முதலில் பல்லைப் பிடித்துத்தானே வயதைப் பார்ப்போம், இங்கேயும் அப்படித்தான். 18, 19 வயதில் பயிற்சி வேகமாக ஏறும். ஆனால் வாரத்துக்கு 48 நிமிடம் எந்த பொசிஷனுக்கு (ஆடும் இடத்துக்கு) பயிற்சி கொடுக்கிறோமோ அதில் அவரை ஆட வைத்தால்தான் முழுப் பலன், அது முடியாதென்றால் சின்னப் பையனை வாங்கவே வாங்காதீர்கள். உயரத்தையும் பாருங்கள். உயரமானவருக்கு ரீபவுண்டிங் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) சீக்கிரம் ஏறும், ஹேண்ட்லிங் (பந்தைக் கையாள்வது) மெதுவாகத்தான் ஏறும்.

திருப்பூர் டிரிபிள்:
சென்டரின் சம்பளத்தை ஏற்றுவது இன்சைடு ஷாட் (கூடைக்குப் பக்கத்தில் பந்து போடுவது), இன்சைடு டிஃபென்ஸ் (அங்கே எதிரணியைத் தடுப்பது), ரீபவுண்டிங் இவைதான். அதனால் பாஸிங், ஹேண்ட்லிங் கொஞ்சமாவது இருக்கிறவராகப் பாருங்கள், அதற்காகச் சம்பளம் பெரிதாக ஏறாது. அப்புறம் ஒன்று, சம்பளம் சீசன் மாறும்போதுதான் திருத்தப்படும். இதைக் கவனிக்காமல் நடு சீசனில் ஒருவரை வாங்கி, அடுத்த சீசனில் சம்பளம் எகிறி, விற்கவும் முடியாமல் ரொம்பச் சிரமப்பட்டேன்ங்க.

ஈரோட்டுக்காரன்:
சரிங்கண்ணா, 48 நிமிடம் கொடுக்க என்னால் முடியும். பையனுக்கே ஏலம் கேட்கிறேன்.