மறு: ‘ஓவர்லாப்பிங் டயலாக்’ – கலைச்சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

திரைப்படத்தில் ஒருவர் பேசி முடிக்குமுன்பே மற்றவரும் பேச, இரண்டும் சேர்ந்தே காதில் விழுவதுதான் ‘ஓவர்லாப்பிங் டயலாக்’. அதற்கு இங்கே வந்த ‘குறுக்கீட்டு வசனம்’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. குறுக்கீடு என்றால் ஒருவர் வாயை அடைத்துவிட்டு இன்னொருவர் பேசுவது. இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் ‘ஹிஸ் கேர்ள் ஃபிரைடே’ படத்தில் (1940) யாரும் யாருக்காகவும் வாயை மூடுவதே இல்லை.

அதன் கடைசிப் பகுதியைப் பாருங்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் நிருபர்கள் அறை. தப்பிய தூக்குத்தண்டனைக் கைதி மேசைக்குள் ஒளிந்திருக்கிறான். பத்திரிகை ஆசிரியர் வால்டர் தொலைபேசியில் முதல் பக்கத்தைக் கலைத்துப்போடச் சொல்கிறார். நிருபர் ஹில்டி தட்டச்சில் மூழ்கியபடியே பேசுகிறாள். அவளை மணக்க இருக்கும் புரூஸ் ரயிலுக்கு நேரமாகிறது என்று மன்றாடுகிறான். மூன்றும் நம் காதில் விழுகின்றன. புரூஸ் சொல்வது ஹில்டிக்கு மட்டும் ஏறவில்லை. சிரிப்பே அங்கேதான்.

இப்படத்தின் மூலம், சிகாகோவில் நிருபர்களாக இருந்த பென் ஹெக்ட், சார்லஸ் மெக்கார்தர் இருவரும் எழுதி 1928இல் மேடையேறிய ‘தி ஃபிரண்ட் பேஜ்’ நாடகம். 1931இலேயே லூயிஸ் மைல்ஸ்டோன் அதைப் படமாக்கிவிட்டார். அதில் ஹில்டி ஆண். ஹாக்ஸ் பெண்ணாக்கி, வால்டரின் முன்னாள் மனைவியுமாக்கினார். வசனத்திலும் ஒரு வேலை செய்தார்: வாக்கியங்களின் தலையிலும் வாலிலும், போனாலும் குறைவில்லாத சொற்களை ஒட்டவைத்தார். அடுத்தவர் ஏறிப் பேசினாலும் நடுவிலுள்ள சேதி பிழைத்துக்கொள்ளும். (தமிழில் இது எளிதல்ல. நமக்கு வினைமுற்று வாலில் அல்லவா இருக்கிறது! ‘வரவில்லை’யில் ‘இல்லை’ அமுங்கினால் கதையே மாறிவிடும்.)

என் பரிந்துரை: ஊடுபேச்சு. தென்னைக்கிடையே வாழை வைத்தால் ஊடுபயிர் என்கிறோம். ஒன்றுக்காக மற்றதை வெட்டுவதில்லை. ‘மேற்பொருந்து உரையாடல்’ பொருளில் சரிதான், ஆனால் படத்தொகுப்பு அறையில் எவர் வாயிலும் நுழையாது. ‘அடுக்கு வசனம்’ என்றால் அடுக்குமொழிதான் நினைவுக்கு வரும்.

‘ஊடு’ என்றதும் ஊடல் தோன்றாதா என்று கேட்பீர்கள். தோன்றட்டும், மணமுறிவு பெற்ற இருவர் படம் முழுக்க மல்லுக்கட்டுகிறார்கள், பொருத்தம்தான். வினையாக்கும்போதுதான் கவனம் வேண்டும்: ‘ஊடிப் பேசு’ என்றால் பிணக்காகிவிடும், ‘ஊடே பேசு’ என்று வைத்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவுக் கூடங்களில் இதைவிடச் சுருக்கமான சொல் ஏற்கெனவே புழங்கினால் தெரிவியுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.