ஸ்ப்ளெண்டர் பின் ஷாக் அப்சார்பர்: எதை மாற்றுவது?

வண்டி 2016 ஸ்ப்ளெண்டர் பிளஸ். நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்குத் தினமும் ஓட்டுகிறேன். நான் 75 கிலோ, பின்னால் மனைவி, பல நாள் ஒரு மூட்டையும் சேரும். வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்னால் ‘டங்’கென்று அடிவாங்குகிறது.

நான்கு மாதம் முன்புதான் இரண்டு ஷாக்கையும் மாற்றினேன். ஸ்பிரிங் இறுக்கத்தைச் சி ஸ்பேனரால் கடைசிப் படிவரை ஏற்றிப் பார்த்தேன். தனியாகப் போனால் மாட்டுவண்டிதான், இடுப்பு போகிறது. ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ் புதிது. டயர் காற்றும் சரி. சீட்டை அழுத்திவிட்டால் மூன்று முறை குதித்துத்தான் நிற்கிறது. இடது ஷாக் ராடில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் புழுதி ஒட்டியிருக்கிறது. மெக்கானிக் ஸ்பிரிங் மட்டும் தடிமனாகப் போடலாம் என்கிறார். டேம்பிங் (குதிப்பை அடக்கும் திறன்) போன ஷாக்கில் அது எடுபடுமா என்று எனக்குச் சந்தேகம்.

இந்தச் சுமைக்கு ஒரிஜினல் ஜோடியே போதுமா, அதே நீளத்தில் கேஸ் ஷாக் (எண்ணெயோடு வாயுவும் அடைத்தது) போடுவதா?